கவுண்டரில் மூன்று விநாடி

நூற்று இருபத்தெட்டு ஒளிப்பதிவுகள். ஒவ்வொன்றும் இருபது நிமிடம். மருத்துவமனைப் பதிவு கவுண்டர்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த முப்பத்திரண்டு பேரை முதல் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஆண்டு முடிவு என்று நான்கு முறை படம்பிடித்திருந்தார்கள். முன்பின் தெரியாத மனிதர்களிடம் பழகும் திறமை ஒருவருக்கு எப்படி வளர்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அத்தனை பதிவுகளையும் ஒரு நொடி விடாமல் பார்த்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ஊமைக்கோட்டான்.

வயது நாற்பத்து நான்கு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினாறு வருடம் லென்ஸ்களைச் சரிபார்த்தவர். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. கடையை மூடியபோது, பொறுமையும் கூர்மையான பார்வையும் உள்ளவர்கள் தேவை என்று பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு விளம்பரம் செய்திருந்தது. வாய்ச் சாமர்த்தியம் வேண்டும் என்று அதில் எங்கும் போடவில்லை. தைரியமாக விண்ணப்பித்தார், வேலையும் கிடைத்தது.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணி, போன் அடிச்சா எங்கிட்ட நீட்டிட்டு அடுத்த ரூமுக்கு ஓடுற ஆளு நீங்க. மனுசங்க எப்படிப் பழகுறாங்கன்னு நீங்க ஆராயப் போறீங்களா?"

"அவ பேசாம இருக்கறதாலதான் இந்த வீட்ல உன் குரல் இவ்வளவு தெளிவாக் கேக்குது" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேலை மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில். இரண்டு மேசை, இரண்டு திரை, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். பதிவைப் பின்னால் ஓட்டக் காலடியில் ஒரு மிதி. பக்கத்து மேசையில் உளவியல் படித்து முடித்த பெண். நாளெல்லாம் வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவள் சிட்டு. இருவரும் ஒரே பதிவைத் தனித்தனியாகப் பார்த்து, பதினோரு கேள்விகள் கொண்ட தாளில் மதிப்பெண் போட வேண்டும். வரவேற்றாரா, சிரித்தாரா, கண்ணைப் பார்த்தாரா, நன்றி சொன்னாரா என்று பத்துக் கேள்வி. பதினோராவது, 'மொத்தத்தில் எப்படி நடந்துகொண்டார்? ஒன்று முதல் ஐந்துக்குள்.' இரண்டு தாளும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும்.

பத்துக் கேள்விகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துப்போயின. பதினோராவதில்தான் இடி விழுந்தது.

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை அவரை அறைக்கு அழைத்தார். நல்லவர்தான், ஆனால் அன்று முகம் கடுகடுவென்று இருந்தது. காரணம் இருந்தது. ஆண்டு முடிவுப் பதிவுகளில் முப்பத்திரண்டு பேருக்கும் மதிப்பெண் சரிந்திருந்தது. ஒரு வருடம் மனிதர்களோடு பழகியவர்கள் முதல் வாரத்தைவிட மோசம் என்று தாள் சொன்னது. ஒன்பது நாளில் ஆய்வுக் குழு வருகிறது. இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி தருவதா, பிரிவையே மூடுவதா என்று அன்றைக்கு முடிவு.

"இந்தப் பதினேழாம் எண் ஆளைப் பாருங்க. வருஷக் கடைசில ஒரு தடவைகூடச் சிரிக்கல. நீங்க அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க. சிட்டு ரெண்டு போட்டிருக்கா."

"அவர் நல்லாச் செய்யறாருங்க."

"எப்படி?"

பதில் தொண்டை வரை வந்தது. அதற்குள் பேராசிரியை அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். "அடுத்த வாரத்துக்குள்ள திருத்திக் குடுங்க. இல்லன்னா உங்க தாள் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு வேற ஆள் வெச்சுத்தான் முதல்லேருந்து பாக்கணும்."

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கினார். வாழ்க்கை முழுக்க இப்படித்தான். கேள்வி கேட்பார்கள், இவர் வார்த்தை தேடுவதற்குள் அவர்களே பதிலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த படியில் காலை வைக்க மறந்து சட்டென்று நின்றார். பதினேழாம் எண் செய்யாதது அதைத்தான்!

ஓடிப்போய்ப் பதிவைப் போட்டார். கண் சிகிச்சைப் பிரிவு கவுண்டர். முதல் வாரத்தில் பதினேழாம் எண் பளிச்சென்று சிரிக்கிறார், "விலாசம்?" என்கிறார். எதிரில் இருக்கும் பெரியவர் வாயைத் திறப்பதற்குள், இன்னும் சத்தமாக "விலாசம்!" என்கிறார். பெரியவர் தடுமாறிப் போகிறார். ஆண்டு முடிவில் அதே ஆள், அதே கேள்வி. சிரிப்பு இல்லை. கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். எதிரில் இருக்கும் அம்மாள் பையைத் துழாவி, மூச்சு வாங்கி, தெருப் பெயரிலிருந்து வீட்டு எண் வரை தெளிவாகச் சொல்லி முடிக்கிறார்.

மதிப்பெண் தாளைத் தயாரித்தபோது பேராசிரியை கவுண்டர்களின் மேலதிகாரிகளைத்தான் கேட்டிருந்தார். வரிசையில் நிற்பவர்களை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சிட்டுவின் மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது.

"என்னக்கா இது? ஓட்டப் பந்தயமா?"

"கேள்வி முடிஞ்சதும் அமுக்கு. யாராவது வாயத் தொறந்தா நிறுத்து. தொறந்தது யாருன்னும் எழுதிக்க."

"எதுக்குன்னு சொல்லுங்க."

"சொன்னா உன் கை என் பக்கம் சாயும். சொல்ல மாட்டேன்."

"உங்ககிட்டேருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்று முனகிக்கொண்டே சிட்டு உட்கார்ந்தாள்.

முதல் வாரம் எது, ஆண்டு முடிவு எது என்று தெரியாதபடி தேதிகளை மறைத்து, பதிவுகளைக் கலைத்துப் போடச் சொல்லி அலுவலக உதவியாளரிடம் கொடுத்திருந்தார். அறுபத்து நான்கு பதிவுகளை இருவரும் தனித்தனியாக அளந்தார்கள். ஏழாம் நாள் தேதிகளைத் திறந்து கூட்டிப் பார்த்தபோது சிட்டு முதல்முறையாக வாயடைத்துப் போனாள்.

முதல் வாரத்தில் கேள்விக்குப் பின் காத்திருந்தது சராசரி முக்கால் விநாடி. ஆண்டு முடிவில் மூன்று விநாடி. முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேருக்கு ஏறியிருந்தது. கேட்டதையே திரும்பக் கேட்பது இருபது நிமிடத்துக்குப் பத்தொன்பது தடவையிலிருந்து நான்காக இறங்கியிருந்தது. முதியோர் பிரிவிலும் கண் பிரிவிலும் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் எல்லோரையும்விட அதிகமாக வந்திருந்தது. சிரிப்பைப் பயிற்சி வகுப்பு சொல்லிக் கொடுத்தது. காத்திருப்பதை, மெதுவாகப் பேசும் மனிதர்கள் தினந்தோறும் எதிரில் வந்து நின்று கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

பேராசிரியை தாள்களை மூன்று முறை படித்தார். பிறகு எழுந்து வந்து, "அன்னைக்கு நான் காத்திருக்கவே இல்ல, இல்லையா?" என்றார்.

"அர விநாடிங்க" என்றார் ஊமைக்கோட்டான்.

குழு வந்தது. ஐந்து பேர், நீள மேசை. பேராசிரியை ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "இதைக் கண்டுபிடிச்சவங்களே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஊமைக்கோட்டான் எழுந்து நின்று எண்களை மட்டும் படித்தார். குழுத் தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏம்மா, சும்மா இருக்கறதெல்லாம் ஒரு திறமையா? யார் வேணா இருக்கலாமே!"

சிட்டுவுக்கு உயிரே போய்விட்டது. இவர் வார்த்தைக்காகத் திணறவில்லை. குழுவில் ஓரமாக இருந்த பெண் உறுப்பினரின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க வேலைக்குச் சேர்ந்த தேதி என்னங்க?"

உறுப்பினர் கண்ணை மேலே உயர்த்தினார்.

"அதெல்லாம் அவங்களுக்கு இப்ப எங்க ஞாபகம் இருக்கப் போகுது!" என்றார் தலைவர்.

கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் கிளிக் என்றது. "ஒரு விநாடிங்க, ஐயா" என்றார் அவர்.

"ஜூன் பன்னெண்டு, வியாழக்கிழமை" என்றார் உறுப்பினர். "ஞாபகம் நல்லாவே இருக்கு. முப்பது வருஷமா ஒண்ணா வேலை பாக்கறோம், நீங்கதான் சொல்ல விடறதில்ல."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். தலைவர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பதினேழாம் நம்பரைப் போடுங்க, பாக்கலாம்" என்றார். ஒரு மணி நேரத்துக்கென்று வைத்த கூட்டம் இரண்டேகால் மணி நேரம் ஓடியது. ஊமைக்கோட்டானே நின்றபடி கடைசிக் கேள்வி வரை பதில் சொன்னார். நிதானமாக, வார்த்தை தேடி, ஆனால் ஒருவரும் குறுக்கே பேசாமல்.

இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி அன்று மாலையே எழுத்தில் வந்தது. மதிப்பெண் தாளில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: 'கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருந்தார்?' அறிக்கையின் முதல் பக்கத்தில் பேராசிரியையின் பெயருக்கு அடுத்து அவர் பெயர். பார்த்த நாத்தனார், "அண்ணி, என் காலேஜ் பிரெண்ட்ஸ் எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லுவேன், நீங்க நடுவுல வராதீங்க" என்று போனை எடுத்துக்கொண்டு போனார்.

வரும் திங்கட்கிழமை நாற்பது புதியவர்களோடு படப்பிடிப்பு தொடங்குகிறது. பதிவுகளைப் பார்க்க ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு காலை ஒன்பதரைக்கு. நடத்துவது அவர்.