பெற்ற மகளைத் தெரியாது என்றேன்

அருவங்காட்டில் ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியாள் எது கேட்டாலும் ‘தெரியாதுங்க’ என்று சொல்லியே எங்களுக்குப் பழக்கம்.

சில வருடங்களுக்கு முன் என் மகளுக்குப் பிரான்சில் அணுமின் நிலைய வேலை கிடைத்தது. குடும்பத்தை நேரில் விசாரித்த பிறகுதான் உறுதி செய்வார்கள். ஒருநாள் பேண்ட் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லி, என்ன படித்தாள், எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். யாரென்றுகூடக் கேட்காமல், ‘அப்படி யாரையும் தெரியாதுங்க’ என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவள் அலறினாள்.

“அவர்தான்ப்பா விசாரிக்க வந்தவரு! பெத்த புள்ளையவே தெரியாதுன்னுட்டீங்களா? ஓடுங்கப்பா!”

வீட்டுச் செருப்போடு ஓடினேன். அவர் ஏறியிருந்த குன்னூர் பஸ் கிளம்பிவிட்டது. பக்கவாட்டில் தட்டித் தட்டி நிறுத்தினேன்.

“ஏனுங்க, அவ எம் மகதானுங்க!”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். வீட்டுக்குக் கூட்டிவந்து, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னேன். வேலை உறுதியானது. ஆனாலும் அந்த ஒரு சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

பிரான்ஸ் முடிந்து இப்போது கனடாவில் அணு உலைப் பொறியாளராக இருக்கிறாள். நேற்று போனில், “இன்னைக்கு என்ன வேலை கண்ணு?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“தெரியாதுங்க” என்றாள்.