பெயரை மறைத்த கை

மர்ஜான் டீச்சரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் மாத்தளையில் பலர் இருக்கிறார்கள். அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டபோதும் நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன். அங்கே வாய் திறக்காதவள் இங்கே எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய காலை அது. உக்குவளை பஸ்ஸில் ஏறி, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். முந்தி ஏறுகிறவர் மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பது எனக்கும் மர்ஜான் டீச்சருக்கும் வழக்கம். ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கண்டக்டர் நானா அருகில் வந்து குனிந்து சொன்னார்: "டீச்சர், பைய எடுத்துக்கிங்க. மர்ஜான் டீச்சர் ராத்திரி மவுத்தாயிட்டாங்க. காய்ச்சல்னுதான் படுத்திருந்தாங்க. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் புறப்பட மணி அடித்த பிறகுதான் நான் இறங்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியது.

அவர் கணக்கு டீச்சர். கதை வாசிக்கும் பழக்கம் இல்லாதவர். இந்த இதழில் வரும் என் தொடர்கதையை வாசகர்கள் அறிவார்கள். ஓர் அத்தியாயத்தைத் தேயிலைத் தோட்டத்து மீனாச்சி சொல்வாள். அடுத்ததை நகரத்து றாபியா சொல்வாள். அச்சுக்குக் கொடுக்குமுன், முதல் இரண்டு அத்தியாயங்களையும் ஆசிரியர் அறையில் என் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். மர்ஜான் டீச்சர் இழுத்தெடுத்தார். மேலே எழுதியிருந்த பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்க ஒரு பத்தி வாசித்தார்.

"இப்ப செல்லு, இது ஆரு பேசுற?"

"றாபியா."

கையை எடுத்தார். மீனாச்சி என்றிருந்தது.

"எழுதின ஒனக்கே தெரியல்ல! ரெண்டு பேரும் ஒண்டாப் படிச்சு டிகிரி எடுத்துட்டு வந்தவள்கள் மாதிரி ஈக்கி. கொழுந்து பறிக்கிறவளுக்கு என்னத்துக்கு புள்ள 'ஆகவே'?"

அறையே சிரித்தது. நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நான் எத்தனையோ சாக்குச் சொல்லியும் கேளாமல், எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார். என்னோடு படித்தவர்களில் ஒருவரைக்கூட நான் அங்கே கூட்டிப் போனதில்லை. அம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து நின்றார்.

"குந்துங்க டீச்சரம்மா. நாங்க இப்பதான் வாறோம்."

"தனியாவா வந்தீங்க?" என்று மர்ஜான் டீச்சர் கேட்டார்.

"ஆமாங்க, நாங்க தனியாத்தான் வந்தோம்."

"அம்மா, 'நான்'னு சொல்லுங்களேன்," என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மர்ஜான் டீச்சர் என் கையைக் கிள்ளினார். இறக்கத்தில் இறங்கும்போது சொன்னார்: "மீனாச்சிய எங்கயோ தேடுற. இந்தா பேசிக்கிட்டு நிண்டா. நீயே வாய மூட வெச்சிட்டாய்." அதன் பிறகுதான் என் மீனாச்சி எதற்கும் 'நாங்க' என்றே சொல்லத் தொடங்கினாள். வாசகர்கள் அதைப் பாராட்டி எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகம் வரும்.

றாபியாவின் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மர்ஜான் டீச்சருக்கு மனம் கனத்தால் சமையலைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் உக்குவளையிலிருந்து மாத்தளை வரும்வரை பிலாப்பிஞ்சுக் கறியைப் பற்றியே பேசினார். "சின்ன நெருப்புல விடணும் புள்ள. அவசரப்பட்டா வெளிய கரையும், உள்ள வேகாது. எங்கட உம்மா மூடியத் தொறக்கவே விட மாட்டா." பஸ்ஸைவிட்டு இறங்கும்போதுதான், "எடமாற்றம் கேட்டிருந்தேனே, கடதாசி வந்திச்சி. இல்லையாம்," என்றார்.

அந்தப் பழக்கத்தை நான் றாபியாவுக்குக் கொடுத்தேன். அச்சில் வந்ததும் டீச்சர் ஒருமுறைக்கு இருமுறை வாசித்தார்.

"இது நான்தானே, கள்ளி?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அழாத. என்ட றாபியா அழ மாட்டா, எழுதுற நீ அழுறாய். என்ட பேச்ச எடு. எவ்வளவு வேணும்னாலும் எடு. என்ட கதைய மட்டும் எடுக்காத. அது எங்கட வீட்டுக்குள்ள ஈக்கிற சாமான்."

சரி என்றேன்.

அடக்கத்தன்று பெண்கள் இருந்த உள்ளறையில் அவருடைய உம்மா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். சத்தமாக அழவில்லை. என் கையைப் பிடித்தபடி, "முந்தாநாளும் கேட்டா மகள், சுண்டக்கா பொரிச்சுத் தாங்கன்னு. காய்ச்சலுக்கு எண்ண ஆகாதுன்னுட்டேன். பொரிச்சிருந்தா என்ன வந்திரப் போவுது?" என்றார். அதன் நடுவில், மகளின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை, டீச்சர் என்னிடம் ஒருபோதும் சொல்லாத ஒன்றை, ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் சுண்டக்காய்க்குப் போய்விட்டார். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அழுகைக்கு அடியில் என் காது தன் வேலையைச் செய்தது. வாக்கியம் எந்த இடத்தில் முறிந்தது, எந்தச் சொல்லில் குரல் இறங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்தது. 'இதுதான் றாபியா' என்றது. டீச்சரின் மய்யித்து இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அப்படி ஒரு காது என்னிடம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் வாடகை அறைக்குத் திரும்பிய நான் விளக்கேற்றுமுன் றாபியாவின் அடுத்த அத்தியாயத்தை எழுதி முடித்திருந்தேன். பெயரைக் கையால் மறைத்துப் பார்த்தேன். யார் பேசுகிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. நான் எழுதியவற்றில் அதுவே நல்லது. அதில் இருப்பது, எடுக்காதே என்று மர்ஜான் டீச்சர் சொன்ன அந்தக் கதை. இதழாசிரியர் கேட்டு அனுப்பும்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எதை எழுதினாலும் இப்போது பெயரின்மேல் உள்ளங்கையை வைத்துத்தான் வாசிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள அதுதான் இருக்கிறது. சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

உம்மா, இந்த இதழை உங்கள் மகன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நேரில் கேட்க உங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போனவள் நான். றாபியா யாரென்று இனி எல்லோருக்கும் தெரியும். அதனால் உங்கள் சொல் இல்லாமல் அந்த அத்தியாயத்தில் ஒரு வரியும் வெளிவராது. ஒரு பின்னேரம் வந்து அதை உங்களுக்கு வாசிக்கட்டுமா? 'என்ட மகள் இப்படிச் செல்ல மாட்டா' என்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிடுகிறேன். முழுவதும் வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டாம். ஏதாவது கறியைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். விளங்கிக்கொண்டு, தாள்களை உங்கள் அடுப்பிலேயே வைத்துவிட்டு, கறியைக் கடைசிவரை கேட்டுவிட்டுப் போகிறேன்.