நாலாம் நம்பர் தறியும் அக்காவின் கிட்டாரும்

நான் இருந்தேன், எஸ்தர் அக்கா இருந்தாள், அவளுடைய கடையநல்லூர்த் தோழி பாத்திமா செல்போனோடு இருந்தாள். தறிக்கூடத்துச் சாவியை வைத்திருக்கும் அப்பா இல்லை, திருவேங்கடத்தில் ஒரு 'துஷ்டி'க்கு, சாவு வீட்டுக்கு, போயிருந்தார். முதலாளி இல்லை. கரண்டும் இல்லை. மாதம் ஒருநாள் பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்தும்போது சங்கரன்கோவிலில் எங்கள் தெருவின் தறிகளெல்லாம் ஒருசேர அடங்கி, காதில் பஞ்சை அடைத்தது போல ஓர் அமைதி வரும். கூடத்தில் ஆளும் இல்லாத அப்படியோர் அமைதிக்காகத்தான் அக்கா மூன்று மாதம் காத்திருந்தாள்.

அவள் எட்டாம் வகுப்போடு நின்று, தறிக்கு நூல்தார் சுற்றப் போனவள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்றால், அதில் பாதி அவள் சுற்றிய நூல். சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் பழகி, சொல்லே இல்லாத ஒரு மெட்டைத் தானாகக் கட்டியிருந்தாள். காலித் தறிக்கூடத்தில் அது நன்றாக எதிரொலிக்கும், பாத்திமாவின் போனில் பதிவு செய்துவிடலாம் என்று அப்பாவுக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டோம்.

"ஏட்டி, அழகு பாத்தது போதும், வாசி. அஞ்சு மணிக்குக் கரண்டு வந்துரும்" என்றாள் பாத்திமா.

ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் செய்த காரியம் ஒன்றுதான். கிட்டார் உறையைக் கோடியில் இருந்த நாலாம் நம்பர் தறியின் கைப்பிடியில் மாட்டினேன். எங்கள் பக்கம் கைப்பிடியைத் தள்ளித்தான் தறியை நிறுத்துவார்கள், மோட்டார் சுவிட்சைத் தொடுவதில்லை. உறையின் கனத்தில் கைப்பிடி மறுபடி ஓடும் நிலைக்கு இறங்கியதை நான் கவனிக்கவில்லை.

அக்கா கடைசிச் சுற்றில் இருந்தபோது, நாலரைக்கே கரண்டு வந்து, தறி தானாக ஓடத் தொடங்கியது. எழுந்த என்னைக் கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டு, அந்த 'டக்கடி டக்' நடைக்குத் தன் மெட்டை வளைத்துக்கொண்டு முடிக்கும்வரை வாசித்தாள். அந்த அரை நிமிடத்தில் நூலோடு குறுக்கே ஓடும் நாடா, நீளவாக்கில் கட்டிய பாவுக்குள் சிக்கி, ஒரு முழ அகலத்துக்கு இழைகளை அறுத்துவிட்டது. தறி சிக்கி நின்றதும், பதற்றத்தில் கைப்பிடியை அப்படியே விட்டு உறையை மட்டும் எடுத்து, கூடத்தைப் பூட்டி, சாவியை வீட்டு ஆணியில் மாட்டினோம். "சாவி எடுத்தது தெரிஞ்சா அப்பா வேலையே போயிரும்லே" என்று அக்கா என் வாயை அடைத்தாள்.

மறுநாள் முதலாளி அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "கைப்பிடியத் தள்ளாமலே போயிருக்கீரு வே. ஞாபகத்த எங்கன வச்சிட்டு வந்தீரு?"

"தள்ளுன மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி... தள்ளலையோ என்னமோ" என்று அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார். இழை இணைக்கும் கூலி, கெட்டுப்போன சேலை எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அன்றிலிருந்து பாதி வழி வந்தவர் திரும்பிப் போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார், சோற்றில் கை வைத்தவர் எழுந்து போவார்.

இதற்கிடையே துபாயில் இருந்த பாத்திமாவின் அண்ணன், அவள் அனுப்பிய அந்த வாசிப்பைத் தன் வீடியோ ஒன்றில் சேர்க்க, அங்கிருந்து அது கல்யாண வீடியோக்களுக்கும் டீக்கடைகளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் பரவிவிட்டது. எல்லாருக்கும் பிடித்தது அந்தக் கடைசி அரை நிமிடம்தான். "எந்த ஊரு மேளம்லே இது?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த ஊரில் எத்தனை நாள் இது மேளமாக இருக்கும்? முதலாளியே அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டபோது அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கண்டுபிடித்தவர் அப்பா. ஒரு சனிக்கிழமை கூலி வாங்கி வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஏட்டி எஸ்தரு, முதலாளி போன்ல ஒரு பாட்டு அடிக்குதே, கடைசில ஓடுதது நம்ம நாலாம் நம்பருலா? மூணாவது அடிக்கு நொண்டுமே, அதே நொண்டல்."

நான்தான் சொன்னேன், சாவியிலிருந்து உறை வரைக்கும். அடி விழும் என்று நின்றேன்.

"அப்பம் நான் தள்ளிருக்கேன்" என்றார் அப்பா. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி கேட்டார்: "தள்ளித்தான் இருக்கேன், என்ன மக்கா?"

முதலாளியிடம் அவர் சொல்லவில்லை, எங்களையும் சொல்லவிடவில்லை. இன்று யாரும் ரிங்டோன் வைப்பதில்லை. தேடினால் இணையத்தில் ஒரு மூலையில், வாசித்தவர் பெயர் தெரியாது என்ற குறிப்போடு அந்த மெட்டு கிடக்கிறது. அதன் கீழே அக்காவின் பெயரை எழுதக் கை போகும், எழுதியதில்லை.

அந்த வெற்றிக்கு எங்களுக்கு ஆன செலவு, அப்பாவின் கூலியில் பிடித்த மூவாயிரத்து எண்ணூறு ரூபாயும், தன் கையையே நம்பாமல் அவர் நடந்து தீர்த்த ஏழு மாதங்களும்.