விரத மாதத்தில் பாருக்கு ஐஸ் போட்டவன்

பாருக்கு ஐஸ் போடுகிறவனுக்குக் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எல்லாக் கடையும் தெரியும். எந்தக் கடையின் முன்வாசலும் தெரியாது. பீர் லோரி ஓட்டுகிறவர்களே, கோழி இறக்குகிறவர்களே, கேஸ் தோங் என்கிற சிலிண்டர் தூக்குகிறவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாமெல்லாம் பின்சந்தில் குப்பைத்தொட்டிக்கு வழிவிட்டு உள்ளே போகிறவர்கள். மேருவில் இருக்கிற ஐஸ் தொழிற்சாலையில் மதியம் லோரி ஏற்றினால், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், அம்பாங் என்று விளக்குப் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும். மற்றவர்கள் ராத்திரியில் பார்க்கிற இடங்களை நான் துடைப்பமும் வாளியுமாகப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தும் எனக்கு அவற்றின் மேல் மரியாதை குறையவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறானே என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். நினைத்தால் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

விளக்கில் பிடித்துப் பார்த்தவள்

அம்பாங்கில் ஒரு காக்டெயில் பார் இருக்கிறது. பெயர்ப்பலகையே கிடையாது. முதல் நாள் போனபோது காவலாளி லோரியை வாசலில் நிறுத்தவிடாமல் அடுத்த தெருவுக்கு விரட்டினான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து உள்ளே போனால், பானம் கலக்கும் சீனப் பெண் அதை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவில் வெள்ளையாகப் புகை மாதிரி இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் தமிழில் முணுமுணுத்தது அவளுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

கோபத்தோடு திரும்பியவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தன்னிடமிருந்த ஒரு கட்டியை வாளால் அறுத்து, ஓரங்களைச் சீவி, ஒரு கிளாஸில் இறக்கி, வண்டி ஓட்டுகிறவன் என்பதால் வெறும் சோடாவை ஊற்றி என் முன் வைத்தாள். கிளாஸில் ஐஸ் இருப்பதே தெரியவில்லை. கையில் எடுத்தபோது கனத்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஐஸைத் தூக்கியிருக்கிறேனே தவிர அதைப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. அவள் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "அங்கிள், வர்றவங்க குடிக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் இதைத்தான் பார்ப்பாங்க லா."

சாக்கடையில் போன மூட்டை

கிள்ளானில் தேவராஜ் நடத்துகிற பப்பைப் போல ஒழுங்கான பப்பை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஆளைப் பிடிக்காமலே இதைச் சொல்கிறேன். பாட்டுக்குழு மேடையில் தயாராக நின்றாலும், எல்லா மேசைக்கும் பக்கெட் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் பாட்டு. பக்கெட் என்றால் ஒரு வாளி ஐஸில் பீர் பாட்டில்களைப் புதைத்துத் தருவது. கை சும்மா இருக்கிறவன்தான் பாடுகிறவர்களிடம் குறை கண்டுபிடிப்பான் என்பது அவர் கட்சி. சரியாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் பேய்மழை. மேரு சாலையில் தண்ணீர் ஏறி லோரி நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தேவராஜ் பாட்டுக்குழு முழுவதற்கும் முன்னால் மூட்டையைக் கிழித்துச் சாக்கடையில் கொட்டினார். இது ஐஸா மழைத்தண்ணியா என்று கேட்டார். டிரம் வாசிக்கிறவன் சிரித்தான். அங்கே மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்த புஷ்பா மட்டும் பின்சந்துக்கு ஒரு துண்டும் சூடான தேநீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு அந்தக் கடைக்கு நான் ஐஸ் போடுவதை நிறுத்தினேன்.

வருஷங்கள் கழித்துப் புஷ்பா அங்கிருந்து விலகி, சேர்த்ததையெல்லாம் போட்டுப் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் சொந்தமாக ஒரு பார் திறந்தாள். அந்தச் செய்தி வந்த வாரம் ஒரு கல்யாண விருந்தில் எனக்குப் பின்வரிசையில் தேவராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "விரத மாசம் வரட்டும். ஒருத்தன் படியேற மாட்டான். தானா வந்து என்கிட்ட வேலை கேப்பா."

சாமிக்குத் திரை

புஷ்பாவின் கடைக்குப் படி செங்குத்து. மூட்டையோடு ஏறினால் முழங்கால் பேசும். ஆனாலும் அந்த மாடிக்குப் போகப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்தால் கீழே பூக்கடைகளின் மல்லிகை வாசம் வரும். சமையலறையிலிருந்து மிளகு போட்டு வறுக்கிற வாசம் வரும். இரண்டும் சண்டை போடாமல் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

கல்லாவுக்கு மேலே முருகன் படம். சாயங்காலம் கடை திறக்கும்போது விளக்கேற்றி ஊதுவத்தி காட்டிக் கும்பிடுவாள். பிறகு படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்புத் திரையை இழுத்து மூடுவாள். திரை மூடும்வரை யாருக்கும் ஒரு சொட்டு ஊற்றமாட்டாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாதன்தான் தினமும் முதல் ஆள். கையைக் கட்டிக்கொண்டு பூஜை முடியும்வரை பக்தியோடு நிற்பார். நான் ஐஸ் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவர் குரல் கேட்கும்: "சாமிக்குத் திரை போட்டாச்சா? அப்ப ஒரு பக்கெட் கொடும்மா."

வேண்டாம் என்று கேட்ட நாள்

தைப்பூசம் நெருங்கியது. காவடி எடுப்பவர், பால்குடம் எடுப்பவர், அவர்கள் வீட்டில் இருப்பவர் என்று பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் மாலை போட்டு, கறியையும் குடியையும் விட்டார்கள். பழைய பார்கள் இதற்குத் தயாராக இருக்கும். சில கடைகள் அந்த மாதத்தில் பெயின்ட் அடித்துக்கொள்ளும். புஷ்பாவுக்கு இது முதல் வருஷம். வேலையாட்கள் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். பாட்டுக்குழுவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்த மாதம் தாண்டவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிள்ளானுக்கே போகவேண்டியதுதான் என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு இரண்டு கவலை. அவள் கடை போய்விடுமே என்பது ஒன்று. தேவராஜ் சொன்னது பலித்துவிடுமே என்பது இன்னொன்று. எது பெரியது என்று கேட்காதீர்கள். ஒருநாள் மூட்டையோடு பாதிப் படி ஏறியிருந்தேன். மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். நம் தொழிலில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது: "அண்ணே, நாளையிலேர்ந்து ஐஸ் வேணாம்."

டீக்கடை முன்னால் நின்றவர்கள்

மறுநாள் கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடைக்கு ஐஸ் இறக்கப் போனேன். புஷ்பாவின் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும், கழுத்தில் மணிமாலையோடு, டீக்கடை முன்னால் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு தேநீர். அவ்வப்போது மாடிப்படியை ஏக்கமாகப் பார்த்தார்கள். வழியை மறிக்காதீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று கத்தினேன். நாதன்தான் விளக்கினார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனால் உடம்புக்கு என்னவென்று கேட்டு டாக்டரிடம் கூப்பிடுகிறார்களாம்.

மேலே போய்ப் புஷ்பாவிடம் இதைப் புகாராகத்தான் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள். அடுத்த சாயங்காலம் பாட்டில் அடுக்குக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. சாமிக்குத் திரை இல்லை. சமையலறையில் மரக்கறி. என்னை ஐஸ் கொண்டுவரச் சொல்லி, அசாம்போய் என்கிற உப்பிட்ட உலர்பழம் போட்ட எலுமிச்சை ஜூஸ் கலக்கினாள். அத்தனை பேரும் ஏறிவந்து அவரவர் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஜூஸ் வந்தது. ஒருவரும் தொடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புஷ்பாவும் விரதம்தான்; இருந்தும் அவளுக்கு அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாதன் காதுவைத்த பெரிய பீர் கிளாஸை விரலால் மெதுவாகத் தள்ளிவைத்தார். "புஷ்பா, இந்த கிளாஸ் போன மாசம் என்ன குடிச்சுச்சு?"

ஐஸுக்கும் விரதம்

அன்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். கடை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். புஷ்பா அழவில்லை. விடிந்ததும் பாத்திரக் கடைக்குப் போய்ப் புது எவர்சில்வர் டம்ளர் வாங்கி, மஞ்சள் தண்ணீரில் கழுவி அடுக்கினாள். சாயங்காலம் வந்த நாதன் டம்ளரைச் சரி என்றார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அதில் பீர் பாட்டில் படுத்திருந்ததே என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. லோரியிலிருந்து உறை பிரிக்காத புதுப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் கண் முன்னாலேயே நிரப்பினேன்.

இது நம் தொழில்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்: பக்கெட்டில் போட்ட ஐஸ் பாட்டிலைத் தாங்கிக்கொண்டு நெடுநேரம் கிடக்கும். ஜூஸுக்கு டம்ளர் நிறைய ஐஸ் வேண்டும். போதாததற்கு, குடி இல்லாதவன் அதைக் கடித்துத் தின்பான், பேசிக்கொண்டே இன்னொன்று கேட்பான். அந்த வாரக் கடைசியில் பீர் ஓடிய நாட்களைவிட அதிக ஐஸ் அந்த மாடிக்கு ஏறியது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு நடை போனேன். முழங்கால் வலித்தது, நான் முகம் சுளிக்கவில்லை. பாட்டுக்குழுவைத் திரும்பக் கூப்பிட்டுக் காவடிப் பாட்டு பாடச் சொன்னாள். சத்தம் கேட்டுப் பெண்களும் ஏறிவந்தார்கள். நாதனின் மனைவி ஜன்னலையும் மேசை விரிப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்: "இவ்வளவு சுத்தமான இடமா? இதுக்கா இத்தனை மாசமா முடிவெட்டப் போறேன்னு பொய் சொன்னீங்க?"

கிள்ளானிலிருந்து வந்தவர்

பூசத்துக்குச் சில நாள் முன்பு தேவராஜ் வந்தார். மஞ்சள் சட்டை, நெற்றியில் சந்தனம். அவரும் விரதம், அவர் கடைக்கும் பூட்டு. இடமில்லாமல் சமையலறைக் கதவு ஓரம் ஒரு நாற்காலி போட்டாள் புஷ்பா. மூட்டையோடு நான் உள்ளே நுழைந்தபோது நேருக்கு நேர் பார்த்தார். அவருக்காகவே சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு வாய்வரை வந்துவிட்டன. அவர் டம்ளரிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கடித்து, ஐஸ் நன்றாக இருக்கிறதே தம்பி, எந்தக் கம்பெனி என்று கேட்டார். என்னைவிட இளையவர். என்னை அடையாளமே தெரியவில்லை. வந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு மூட்டையைப் பிரித்தேன்.

அவர் வந்த காரியம் வேறு. சுற்றிப் பார்த்தார், பாட்டைக் கொஞ்சம் கேட்டார், பிறகு குரலைத் தாழ்த்தினார். இது ஒரு மாதக் கூத்து, பூசம் முடிந்ததும் கிள்ளானுக்கு வந்துவிடு, மேனேஜராகவே போடுகிறேன் என்றார். நான் ஐஸ் கொட்டுவதை நிறுத்திவிட்டேன். புஷ்பா இரண்டு கையிலும் டம்ளர் தட்டோடு நின்றாள். அந்த ஆளிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவள். குரலில் பழைய மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "அண்ணே, முதல்ல ஜூஸைக் குடிங்க. அந்த நாற்காலிக்காக வெளியே ஆள் காத்து நிக்கிறாங்க."

குடிப்பவர்களால் பிழைத்த கடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். குடிக்காதவர்களால் பிழைத்த பார் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், அதற்கு ஐஸ் போட்டவன் யாரோ ஒரு தம்பி இல்லை, நான்.