புதுப் போலீஸுக்குத் தைத்த சட்டை

ஆர்டர் கொடுக்கும் பையர் சொன்னதைச் செய்தால் போதாது, சொல்லாததையும் புரிந்துகொண்டு செய்ய வேண்டும். அப்படிச் செய்தபிறகும் திட்டு வாங்குகிறவனுக்குத்தான் மெர்ச்சண்டைசர் என்று பெயர். திருப்பூரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு போலீஸ் ஆர்டர் வந்தது. நாட்டின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம், இன்றும் சொல்லப்போவதில்லை. உள்நாட்டுக் கிளர்ச்சியில் பாதி மலைகள் அரசாங்கத்தின் கையை விட்டுப் போயிருந்த நாடு. அங்கே போலீஸ் துறையையே புதிதாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். புதுப் போலீஸுக்குப் புது டீ-சர்ட். சரக்கைப் பார்த்து வாங்க யூசுப் என்ற இன்ஸ்பெக்டரை அனுப்பியிருந்தார்கள். அவருக்கு இந்தி நன்றாக வரும். எனக்குக் காதர்பேட்டைக்குத் துணி வாங்க வரும் வடநாட்டு வியாபாரிகளிடம் பொறுக்கிய இந்தி. அதை வைத்தே இருவரும் சமாளித்தோம்.

சாயம்

சாயப்பட்டறையிலிருந்து வந்த சாம்பிள் துண்டுகளை பையர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும் வேதனை உங்களுக்குத் தெரியும். யூசுப் காக்கியைத் தொடவே இல்லை. பச்சை வேண்டாம், கருநீலம் வேண்டாம். பட்டறைக்காரர் என் போனை எடுப்பதை நிறுத்தப்போகும் சமயத்தில் ஒரு வெளிர்நீலத் துண்டை ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். இதுதான் என்றார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை மாதிரி இருக்கிறதே, போலீஸுக்குக் கொஞ்சம் மிடுக்கு வேண்டாமா என்று கேட்டேன். துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பழைய சட்டையைப் பார்த்தா எங்க ஊர்ப் பிள்ளைங்க கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும். இந்த நிறத்துக்குப் பயப்பட இன்னும் யாரும் பழகலை."

நெஞ்சில் பெயர்

ஒவ்வொரு சட்டையின் நெஞ்சிலும் அந்தந்தப் போலீஸ்காரரின் பெயரை எம்ப்ராய்டரி செய்ய வேண்டும். ஒரு பீஸ் மாறினாலும் ஒருவர் பெயர் இன்னொருவர் நெஞ்சில் ஏறிவிடும். ஒட்டி எடுக்கிற பட்டையில் பெயரைப் போட்டுவிடலாமே என்றேன். யூசுப்பின் மேலதிகாரிகளுக்கும் அதுதான் ஆசையாம். இவர் மட்டும் சம்மதிக்கவில்லை.

எம்ப்ராய்டரி சூப்பர்வைசர் சரஸ்வதியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பேர் தெரிந்தால் துப்பாக்கிக்காரன் ஊடு தேடி வந்துவிட மாட்டானா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். வருவான், தன் நண்பன் ஒருவனை அப்படித்தான் கொன்றார்கள் என்றார் யூசுப். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டு வந்த போலீஸ்தான் அவனை இழுத்துப்போனது. யார் கொண்டுபோனது என்று கேட்டு அம்மா ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார். சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. யூசுப் போலீஸில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அக்கா மெஷின் பக்கம் திரும்பினார்.

"தெச்சுரலாமுங்க. தூரத்துல இருந்தே படிக்கிற மாதிரி பெருசாவே தெச்சுரலாமுங்க."

எதிர்க் கடை

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுருகன்பூண்டிக்குச் சிற்பம் பார்க்கக் கூப்பிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு போலீஸ் ஸ்டேஷனைக் காட்ட முடியுமா என்றார். உள்ளே போக வேண்டாமாம், வெளியிலிருந்து பார்த்தால் போதுமாம். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். வாசலில் மணல் மூட்டை இல்லை, முள்கம்பி இல்லை. அதை அவர் சொன்னபிறகுதான் நானே கவனித்தேன்.

சைக்கிளைத் தொலைத்த ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தார். தெற்கத்திப் பேச்சு. வாசலில் நின்ற ஏட்டைப் பார்த்து, ஒரு புகார் வாங்க இம்புட்டு நேரமா, உங்க வீட்டுச் சைக்கிள் போனா இப்படித்தான் உட்கார்ந்திருப்பீயளா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்த அம்மா காய்கறிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். எங்கள் ஸ்டேஷனின் லட்சணம் இப்படி வெளியே வந்துவிட்டதே என்று எனக்குக் கூச்சம். என்ன சொன்னார் என்று யூசுப் கேட்டார். தயக்கத்தோடு சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்த அம்மா கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்.

"போலீஸைத் திட்டிட்டு, பயமில்லாம நடந்து வீட்டுக்குப் போறாங்க. எங்க ஊர்ல இதைப் பார்க்கணும். அது போதும் எனக்கு."

போன்

சரக்கு போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன். எடுத்தவுடன் சரஸ்வதியக்காவைத்தான் விசாரித்தார். இப்போது தலைநகரத்தில் வேலை, அங்கே அந்தச் சட்டையோடு கடைத்தெருவில் நடக்க முடிகிறது என்றார். சொந்த ஊர் மட்டும் இன்னும் மலைக்கு மேலே, கிளர்ச்சிக்காரர்கள் கையில். அம்மாவைப் பார்க்க மாற்றுடையில்தான் போய்வருகிறார். போலீஸ் சட்டை மூட்டையின் அடியில் ஒளிந்திருக்கும்.

அந்த மலைக்குப் புது ரோடு போட்டதாகப் பேப்பரில் பார்த்தேனே, இனி நிலைமை மாறும்தானே என்றேன்.

"ரோடு ஊர் வரைக்கும் போயிருச்சு. நாங்கதான் இன்னும் போய்ச் சேரலை."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. தைத்த துணி நைந்தே போகக் கூடாது என்று வேண்டுகிற இந்த ஊரில், அந்த நீலச் சட்டைகள் எல்லாம் உடுத்தி உடுத்தி நைந்துபோய் ரிப்பீட் ஆர்டர் கேட்டு யூசுப்பே கூப்பிட மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருக்கிற ஒரே மெர்ச்சண்டைசர் நானாகத்தான் இருப்பேன்.