ஈர மணலில் எடுத்த அளவு

புயலில் தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்து, கரண்டு இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தோமே... அதற்கு அடுத்த தை மாசம். கொரோனா இன்னும் வரவில்லை. என் பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். வருஷத்தை எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் எழுதுகிறாள்.

அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. உப்புத்தண்ணியில் ஊறிப்போன சீட்டுப் பஞ்சு... ரெக்சினைக் கிழித்ததும் குப்பென்று அடிக்கும்.

அப்போது மணமேல்குடியில் பஸ், வேனுக்கு சீட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். பிறந்தது அன்னவாசல் பக்கம். கடலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒருநாள் அதே ஊர்க்காரர் குமரய்யா கடைக்கு வந்து, "அண்ணே, போட்டுக்கு சீட்டுத் தைக்கணும்" என்றார்.

அவருடைய மோட்டார் போட்டு, எங்கேயோ ஏரியில் ஆளேற்றிச் சுற்றிக்காட்டிவிட்டுப் பழசானதும் விலைக்கு வந்தது. உள்ளே கார் மாதிரி சீட்டெல்லாம் உண்டு. புயல் அதைத் தூக்கித் தோப்புக்குள் போட்டு, மேலே ஒரு தென்னையையும் சாய்த்திருந்தது. ஓட்டையெல்லாம் அவரே ஒட்டி அடைத்துவிட்டார். மெக்கானிக் காசிம் பாய் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டு அவசரம் எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சம்சாரம் முத்துலெட்சுமி, எல்லாருக்கும் லெட்சுமி, அதே புயலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். கோட்டைப்பட்டினம் பக்கம் லெட்சுமியின் அக்கா படுத்த படுக்கை. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. பார்க்கப் போகலாம் என்று ஆட்டோவில் ஏற்றினால், குலுங்கின குலுக்கலில் பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவரும்படி ஆகிவிட்டது.

"காலையில காத்து விழுந்த நேரம் பாத்து, கரையோரமாவே மெதுவாக் கொண்டுபோயிருவேண்ணே. கடலு தொட்டித் தண்ணி மாதிரி கெடக்கும். பலகையில உக்காரத்தான் அவளால முடியாது."

பழைய பஞ்சு கனமாக, நல்ல பஞ்சாக இருந்தது. வீணாக்க மனசில்லை. அலசிக்கூடப் பார்க்காமல் மொட்டைமாடியில் காயப்போட்டேன். பகலெல்லாம் மொறுமொறுவென்று காயும். சாயந்திரம் தொட்டால் பழையபடி நசநசவென்று ஈரம். யாரோ தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளை வைதேன்.

காசிம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அன்னவாசல்காரரே, உப்பு குடிச்ச பஞ்சுய்யா அது! காத்துல இருக்க ஈரத்தையும் சேத்துக் குடிக்கும். நீங்க பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் காயப்போடுங்க!"

தூக்கி எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வாங்கினேன்.

என்னிடம் டேப் கிடையாது. டிரைவர் யாராவது முதுகு வலி, இடுப்பு வலி என்று வந்தால், ஈர மணலைப் பரப்பி அதில் உட்காரச் சொல்லுவேன். டேப் நீளம் அகலம் சொல்லும். ஆள் எங்கே பாரத்தை வைக்கிறார் என்பதை மணல்தான் சொல்லும். லெட்சுமியால் கடற்கரைக்கு வர முடியாதே... சாக்கில் ஈர மணலை அள்ளிப்போய் அவர்கள் வாசலில் ஒரு பலகை மேல் பரப்பினோம்.

"ஏண்ணே, கெழவியப் புடிச்சு மண்ணுல குந்த வைக்கிறீகளே, தெருவே சிரிக்கப் போகுது."

"வலிக்குதா தங்கச்சி?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. இப்ப எவ்வளவோ தேவல."

குமரய்யா கைத்தாங்கலாக எழுப்பினார். மணலைப் பார்த்தேன். இடப்பக்கம் ஆழக் குழி. வலப்பக்கம் மணல் அமுங்கவே இல்லை, ஒரு கோழி மிதித்துவிட்டுப் போன மாதிரி. மொத்த உடம்பையும் ஒரே பக்கத்தில் தாங்கிக்கொண்டு, வலியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

குமரய்யாவும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம், "எனக்கும் அளவெடுங்கண்ணே, பக்கத்துல நாந்தான உக்காருவேன்" என்று மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இவுகளுக்கு எதுக்குண்ணே மெத்து? வெறும் பலகையே சாஸ்தி" என்றார் லெட்சுமி.

இடப்பக்கம் கெட்டிப் பஞ்சு. வலப்பக்கம் எலும்பு படாதபடி குழித்து, மெதுப் பஞ்சு. பக்கத்தில் குமரய்யாவுக்கு அகலமாக ஒரு குழி. தண்ணீர் இறங்கிவிடாதபடி மேலே தையலே வராமல், எல்லாத் தையலையும் அடியில் கொண்டுபோனேன். நீல ரெக்சின். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு.

போட்டு கிளம்பிய காலையில் லெட்சுமியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. ஸ்டியரிங்கைக் காசிம் பாய் பிடித்துக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குக் கடல் பயம், கரையிலேயே நின்றுகொண்டேன். இன்ஜின் சத்தம் அடங்கும் வரைக்கும் நின்றேன்.

சாயந்திரம் திரும்பி வந்தபோது லெட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னார். "அக்காவுக்கு நெனவு இருந்துச்சுண்ணே. என் கையப் புடிச்சுக்கிட்டு, 'என்னடி, மெத்தை போட்டு வந்திருக்கியாமே மகாராணி'ன்னு கேட்டா..."

அந்த அக்கா மாசி தாண்டவில்லை.

இப்போது போனில் ஆர்டர் போட்டால் மெத்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. எல்லா இடுப்புக்கும் ஒரே அளவு. நானும் கடையை மூடிவிட்டேன், கண் சரியில்லை.

காசிம் பாய் கொரோனாவில் போய்விட்டார். குமரய்யா போன ஐப்பசியில். போட்டை விற்கும்போது சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அது இப்போது வீட்டு பெஞ்சு மேல் கிடக்கிறது. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். குமரய்யா குழியில் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. விரட்டக் கையை ஓங்கினேன்.

"விடுங்கண்ணே, அவுக எடம் சும்மாத்தான கெடக்கு..."

தன் குழியில், இடப்பக்கமாகச் சாய்ந்தபடி சொன்னார்... அன்றைக்கு அந்தப் போட்டில் போனவர்களில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரே ஆள், என் தங்கச்சி முத்துலெட்சுமி.