செல்லியைத் திரும்பக் கூட்டிவந்த நாள்

அப்பாவின் 1978-ஆம் ஆண்டு டைரியில், பங்குனி மாதத்துப் பக்கம் ஒன்றில் இரண்டே வரிகள் இருக்கின்றன: "மலை ஆட்களில் தாயையும் பிள்ளையையும் ஆத்தூர் போகிற வழியில் கண்டு திரும்பக் கூட்டி வந்தேன். தகவல் சொன்னது பாப்பா." பாப்பா என்பது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம் முழுக்க அப்பா என்னைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான்.

அப்பா பழையகாயல் பக்கத்தில் ஓர் உப்பளத்தில் கங்காணியாக இருந்தார். புதுப் பாத்திகள் கட்டுவதற்காக உடைமரக் காட்டை வெட்ட வேண்டியிருந்தது. மேற்கே மலையிலிருந்து ஏழு குடும்பங்களை ஒப்பந்தக்காரர் ஒருவர் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தேனும் கிழங்கும் எடுத்துவந்த காட்டுக்குள் இனி நுழையக்கூடாது என்று சொல்லப்பட்டதால் வந்தவர்கள். அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. "நாங்க பளியங்க" என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஊரில் மலை ஆட்கள் என்றார்கள். வேலைப் பட்டியலில் 'வெளியூர்க் கூலி' என்று எழுதினார்கள்.

அவர்களில் செல்லி என்னைவிட ஒரு வயது இளையவளாக இருந்திருப்பாள். எந்த உடைமரத்தில் பிசின் வடிந்திருக்கும் என்பது அவளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஒரே உருண்டையை அவள் கொஞ்சம், நான் கொஞ்சம் என்று மாறி மாறி மெல்லுவோம். என் வயதில் அளத்துப் பக்கம் வேறு பிள்ளைகள் இல்லை.

துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சின்ன மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை இருமிக்கொண்டே வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். கப்பலில் வந்த காய்ச்சல் என்று ஊரில் பேச்சு. அம்மா என் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடி, "வழியில போறவனையெல்லாம் வாங்கன்னு கூப்பிடுதவரு ஒங்க அப்பா. இதையும் அவருதான் கூப்பிட்டிருப்பாரு" என்றாள். எனக்குச் சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் செல்லியைத் தேடி ஓடினேன். இருமல் நிற்கவில்லை. அன்றும் பிசின் மென்றோம். செவ்வாய்க்கிழமை அவர்கள் குடிசைகளில் முதல் காய்ச்சல் கண்டது. இந்த நாட்களைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வரிசை மாறுவதில்லை.

ஊரில் பிள்ளைகள் படுத்தார்கள், நாலைந்து நாளில் எழுந்தார்கள். பெரியவர்களுக்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருந்தது. மலை ஆட்களிடம் பிள்ளைகளோடு பெரியவர்களும் விழுந்தார்கள். தண்ணீர் மொண்டுவர ஒருவர் எழ முடியவில்லை. அப்பா பதறிப்போனார். டாக்டரை அழைத்துவந்தார். எல்லோரையும் ஓரிடத்தில் வைத்தால் பார்த்துக்கொள்ளச் சௌகரியம் என்று டாக்டர் சொல்ல, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் காலி செய்து பாய் விரித்தார். அம்மா இரண்டு வேளையும் அங்கே கஞ்சி கொண்டுபோனாள்.

மறுநாள் விடிந்தபோது நான்கு குடும்பங்களைக் காணவில்லை. சேர்ந்து போகவில்லை, காலடித் தடங்கள் நான்கு திசையில் பிரிந்திருந்தன. பந்தியில் பாதியில் எழுந்துபோன விருந்தாளிகளைப் பற்றிப் பேசுவதுபோல அப்பா அன்று முழுக்க அதையே சொல்லி வருத்தப்பட்டார். மிச்சமிருந்தவர்கள் அசைய முடியாதவர்கள். செல்லியும் அவள் அம்மாவும் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். செல்லிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. அவள் அம்மாவுக்கு இன்னும் ஒன்றுமில்லை.

அதற்கடுத்த நாள் உச்சி வெயிலில் அளத்துக் கரையில் நின்றிருந்தேன். ஆற்றங்கரை வழியே செல்லியின் அம்மா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேற்கே போவது தெரிந்தது. செல்லியும் என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் போய்விட்டால் எனக்கு விளையாட ஆள் இல்லை. வேறு எதையும் நான் யோசித்ததாக நினைவில்லை. அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா உப்பு வண்டியைப் பூட்டிக்கொண்டு போய், வெற்றிலைக் கொடிக்கால் தொடங்குகிற இடத்தில் அவர்களைப் பிடித்துவிட்டார். கோபப்படவில்லை. வண்டியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தே கொண்டுவந்தார். கிட்டங்கி வாசலில் அந்த அம்மாள் இறங்க மறுத்தாள்.

"ஒரே எடத்துல கெடந்தா சீக்கு எல்லாரையும் எடுத்துக்கும் சாமி. நாங்க பிரிஞ்சு போயிருவோம். அப்பதான் யாராச்சும் மிஞ்சுவோம். எங்க வழக்கம் அது."

"இங்கன டாக்டரு வாராரு, மாத்திரை இருக்கு, கஞ்சி இருக்கு" என்றார் அப்பா. "போற வழியில பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? இறங்கு தாயி."

அவர்கள் எதிர்த்துப் பேசுகிறவர்கள் அல்ல. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா என் தலையில் கைவைத்து, "ஏளா, நீ பாக்கலன்னா என்ன ஆயிருக்கும்" என்றார். அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

கிட்டங்கி வாசலிலிருந்து நான் கூப்பிட்டபோதெல்லாம் செல்லி சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். காட்டிக்கொடுத்ததற்காக என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. மூன்றாம் நாள் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் இறந்தாள். அதற்குள் அங்கே இன்னும் இரண்டு பேர் போயிருந்தார்கள். செல்லியின் அம்மா காய்ச்சலில் கிடந்து பிழைத்து, ஒரு வாரம் கழித்து அதே ஆற்றங்கரை வழியே நடந்து போனாள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. டைரியில் இவை எதுவும் இல்லை. வளர்ந்தபின் இறப்புப் பதிவின் நகலைத் தேடி எடுத்தபோது அதில் செல்லியின் பெயரும் இல்லை, அவள் இனத்தின் பெயரும் இல்லை. பெண், சுமார் எட்டு, வெளியூர்க் கூலி, காய்ச்சல்.

அந்த ஆண்டு உலகைச் சுற்றிய காய்ச்சல் ஒன்று பெரும்பாலும் இளவயதினரையே தாக்கியதென்றும், மூத்தவர்கள் அதே வகைக் காய்ச்சலை முன்பே கண்டிருந்ததால் தப்பினார்கள் என்றும் பின்னாளில் படித்தேன். மலையில் தனித்து வாழ்ந்தவர்களின் உடம்புக்கு அந்த அறிமுகமும் இருந்திருக்காது என்பது என் ஊகம். எங்கள் ஊருக்கு வந்தது அதே காய்ச்சல்தானா என்பதற்கு ஆதாரம் இல்லை.

கிட்டங்கியை விட்டுத் தனித்தனியே போன நான்கு குடும்பங்களும் ஒருவர் குறையாமல் மலையேறிவிட்டதாக, அந்த மலையடிவாரத்துத் தேன் வியாபாரி ஒருவர் பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னார். அவர் நேரில் கண்டதில்லை, கேள்விப்பட்டது. வேறு சாட்சி கிடைக்கவில்லை. உறுதிசெய்யப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.